கொத்துப்பட்ட கோழி

புண்ணை ஆற்றுவது பெரிய வித்தை அல்ல. ஆறிய கோழியைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். மிதித்துச் சாகாதுதான். கொத்தினால் சாகும். குஞ்சு மட்டுமல்ல, முட்டையிட்டுக்கொண்டிருக்கும் வளர்ந்த கோழியே சாகும்.

சாயங்காலம் கூட்டை அடைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது தெரியவருகிறது. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். தேடிப் போனால் விறகுக் கட்டைகளுக்குப் பின்னால், தலையைச் சுவர் மூலையில் நுழைத்துக்கொண்டு அது நிற்கும். ஓடாது. கையில் எடுத்தால் திமிறாது. வாலுக்கு மேலே இறகு போய், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சதை ஈரமாக மின்னும். நாய் பிடித்ததோ, கீரி கடித்ததோ என்றுதான் முதலில் சந்தேகம் போகும். நாய் பிடித்திருந்தால் பல் பதிந்த ஓட்டைகள் இருக்கும். கீரி கழுத்தைத்தான் குறிவைக்கும். பின்முதுகிலோ வாலடியிலோ தலை உச்சியிலோ சின்னக் கொத்தலாக ஆரம்பித்துப் பெரிதான புண் என்றால் குற்றவாளியை வெளியே தேட வேண்டியதில்லை. காலையில் அதே தட்டில் குருணை பொறுக்கிய கூட்டாளிகள்தான்.

ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், அஸ்ஸாம் என்று கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் எந்த ஊரிலும் இது நடக்கிறது. பல வீடுகளில் இதற்குத் தீர்வு காண ஐந்து நிமிடம் போதும்: அன்று ராத்திரிக் குழம்பு. இழுத்துக்கொண்டு கிடந்து வீணாய்ச் சாவதற்கு இது மேல் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் அவ்வளவு லாபமான குழம்பு அல்ல அது.

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் சுமார் 31.7 கோடி, பண்ணைகளில் அல்லாமல் வீட்டுக் கொல்லைகளில் வளர்பவை. முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இந்தக் கொல்லைப்புறக் கோழிகள் ஏறக்குறைய 46 சதவீதம் கூடியிருந்தன. ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முட்டை இட்டாலே பெரிது. அதிலும் ஒரு பங்கை அடைகாத்துக் குஞ்சாக்கி, வளர்த்தும் தருகிறது. பத்துக் கோழி உள்ள வீட்டில் ஒன்று போனால் முதலில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அந்த முதல் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. உப்பு, எண்ணெய், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், அம்மா வீட்டுக்குப் போக பஸ் கட்டணம் என்று யாரிடமும் கை நீட்டாமல் அவள் செலவழிக்கும் பணம் இதிலிருந்து வருவது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அலறியடித்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போகிற ஆண்கள், கோழிக்காக சைக்கிளை எடுப்பதில்லை. இப்போது பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. ஆனால் ஒற்றைக் கோழிக்காக அந்த எண்ணைச் சுழற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே கொத்துப்பட்ட கோழிக்கு வைத்தியம் என்பது பெரும்பாலும் வீட்டு வைத்தியம்தான். அதைச் சரியாகச் செய்தால் போதும். இந்த அடுப்படிச் சங்கதிகளைக் கொண்டே பெரும்பாலான கோழிகளைக் காப்பாற்றிவிடலாம்.

பார்க்கப் பயங்கரமாக இருக்கும் புண்ணும் கோழிக்கு ஆறிவிடும். தலைத்தோல் மொத்தமும் உரிந்துபோன கோழிகள்கூடப் பிழைத்து, மறுபடி முட்டையிட்டிருக்கின்றன. கோழியைக் கொல்வது வேறு நான்கு விஷயங்கள்: ரத்தம் போவது, அதிர்ச்சி, ஈ மொய்த்துப் புழு வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மறுபடியும் கொத்துப்படுவது. சிவப்பு கோழியின் கண்ணை இழுக்கும். ரத்தம் கண்ட புண்ணை எந்தக் கோழியும் சும்மா விடாது. கொத்தியது ஒன்று என்றால் அரைமணி நேரத்தில் கூட்டமே சேர்ந்துகொள்ளும். அடிபட்டதின் சொந்தத் தாய் கூட்டத்தில் இருந்தாலும் இதுதான் கதி.

எனவே முதல் சிகிச்சைக்கு மருந்தே தேவையில்லை. ஓர் அட்டைப் பெட்டி போதும். காற்றுப் போக ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, அரை இருட்டான மூலையில் வைக்க வேண்டும். இருட்டில் கோழி தானாகவே அடங்கும். வட இந்தியக் குளிர்காலமானால் சூடான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வைக்கலாம். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதிர்ச்சியில் அது சட்டென்று இறங்கிவிடும். மே மாதமானால் இதற்கு நேர்மாறு: காற்றோட்டம்தான் முக்கியம்.

தூக்கும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மனிதர்களுக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. துண்டில் இறுக்கிச் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்தால், பாசமாகவே மூச்சு முட்டிச் சாகடித்துவிடலாம். சிறகை மட்டும் அணைத்துப் பிடித்து, மார்பைத் தளர விட வேண்டும்.

ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லி. ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. கசிவு நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவே எடுத்துப் பார்க்கும் ஆசைதான் பலருக்கு வில்லன். எடுத்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி கசியும். மஞ்சள்தூளை வைத்து அமுக்குவது நாடு முழுக்க உள்ள பழக்கம். மேலோட்டமான கீறலுக்கு அது சரி. ஆழமான புண்ணைக் கழுவாமல் மஞ்சளாலும் அடுப்புச் சாம்பலாலும் அடைத்தால் அழுக்கு உள்ளேயே தங்கும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்து உள்ளே கெடும்.

தண்ணீர் குடிக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கிண்ணத்தில் வைத்தால் போதும். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடலாம். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய், நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் புண்ணுக்கு முன்னால் அதுவே கொன்றுவிடும்.

கோழி ஒரு மணி நேரம் ஓய்ந்து நிமிர்ந்த பிறகு கழுவலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் உப்பு போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிட்டால் அதுதான் ஆஸ்பத்திரியில் பாட்டிலில் தொங்கும் சலைன் தண்ணீரின் அளவு. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவினால் மண்ணும் இறகுத் துணுக்கும் வெளியே வரும். புண்ணைச் சுற்றி ஒட்டியிருக்கும் இறகைக் கத்தரியால் வெட்ட வேண்டுமே தவிரப் பிடுங்கக் கூடாது. பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் திரவத்தை வெறும் டீத்தண்ணீர் நிறத்துக்கு நீர்க்க வைத்துத் தடவலாம். தினம் இரண்டு வேளை. முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது வீண் வேலை, நிற்காது. மெல்லிய பூச்சாகத் தேனோ அயோடின் களிம்போ இருந்தால் போதும்.

போடக் கூடாதவற்றின் பட்டியல்தான் நம் ஊர்களில் நீளம். பினாயில், மண்ணெண்ணெய், பேட்டரிக் கரி, ஸ்பிரிட் எல்லாமே புண்ணில் விழுகின்றன. இவை கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் பொசுக்குகின்றன. நுரை வருவதைப் பார்த்துத் திருப்தி தரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தினமும் போட்டால் அதே வேலையைத்தான் செய்கிறது. மனிதர்களின் தோல் அரிப்புக்கு என்று வீட்டில் பாதி மிச்சம் இருக்கும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது புண் மூடுவதைத் தாமதப்படுத்தும். மரத்துப்போகச் செய்யும் 'கெயின்' வகைக் களிம்புகளும் பறவைகளுக்கு ஆகாது.

வலி மாத்திரை இன்னும் மோசம். வீட்டு அலமாரியில் கிடக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையில் கால்வாசியை உடைத்துக் கோழிக்குப் போடுகிறவர்கள் உண்டு. மாடுகளுக்குப் போட்ட இந்த மருந்தால்தான் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் லட்சக்கணக்கில் செத்தன. சிறுநீரகம் செயலிழந்து உடம்புக்குள் உப்புப் படிவது அவற்றின் சாவுக்குக் காரணம். 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகு வேறு, கோழி வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது; கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்திலும் அவசரம் கூடாது. சுத்தமாகக் கழுவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்ட புண்ணுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தால், எத்தனை நாள் முட்டையையும் கறியையும் சாப்பிடக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கோழித் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற மருந்தை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்ததற்குக் காரணம், மனிதர்களுக்கு வேறு எதுவும் பலிக்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது என்பதுதான். கொல்லையில் ஒரு கோழிக்கு இஷ்டம் போல் மாத்திரை நொறுக்கிப் போடுவதும் அதே பாதையில் ஒரு சின்ன அடி.

மழைக்காலத்தில் எதிரி ஈ. ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் முட்டை பொரிந்து புண்ணுக்குள் புழு நெளியும். நாற்றம் வந்தால் அதுதான். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பீய்ச்ச வேண்டியதுதான். பொறுமையைச் சோதிக்கும் வேலை. குறுக்கு வழி கிடையாது. புண்ணைச் சுற்றி (உள்ளே அல்ல) வேப்பெண்ணெய் தடவி வைத்தால் ஈ அண்டாது. அதன் கசப்பு, கொத்த வரும் அலகுக்கும் பிடிக்காது என்பது உபரி லாபம்.

கோழியின் சீழ் நம்முடையதைப் போல ஒழுகாது. பறவைகளின் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் ஒரு நொதி இல்லாததால் அது பன்னீர்க் கட்டி போல இறுகி நிற்கும். அதைப் புதுச் சதை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத் கோழிகளுக்கு வேறு ஒரு சிக்கல். தோலே கறுப்பு என்பதால் புண் லேசில் கண்ணில் படாது. தினமும் இறகை விலக்கி விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. வயிற்றறை வரை துளை விழுந்தால், எலும்பு தெரிந்தால், கண்ணில் பட்டால் தாமதிக்கக் கூடாது. எல்லாவற்றிலும் கொடியது எச்சத்துளையில் விழும் கொத்து. முட்டையிட்ட கையோடு அந்த இடம் சில நொடிகள் சிவந்து வெளியே தெரியும். பெரிய முட்டை இட்ட இளங்கோழிக்கு அது உள்ளே போகத் தாமதமாகும். பக்கத்துக் கோழி அதைப் பார்த்துவிட்டால் தொலைந்தது, குடலையே இழுத்துவிடும். சதை வெளியே தள்ளி நின்றால் உப்புத் தண்ணீரில் கழுவி, வீக்கம் வற்றச் சர்க்கரைப் பாகைத் தடவி, நனைத்த விரலால் மெல்ல உள்ளே தள்ளலாம். சில நாள் இருட்டில் வைத்து முட்டையிடுவதை நிறுத்தவும் வேண்டும். கிழிந்து தொங்கினால் டாக்டராலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. வலியில்லாமல் முடித்துவைப்பதுதான் அப்போது கருணை.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கரும்பழுப்புப் பொருக்குகள் இருந்து, அவை பல கோழிகளிடமும் தெரிந்தால் அது கொத்தல் அல்ல, கோழி அம்மை. அதைப் பரப்புவது கொசு. அதேபோல, தள்ளாடும் கோழியைக் கூட்டம் கொத்தும் என்பதால், கொத்துப்பட்டதாலேயே அது சோர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ராணிக்கெட் நோய் முதலில் தாக்கி, கொத்தல் பிறகு வந்திருக்கலாம். இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இதில் விளையாட்டுக்கு இடமில்லை.

புண் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் மூடி, முள் முள்ளாகப் புது இறகு தலைகாட்டும். அந்த இளம் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. அதைக் கொத்தினால் மறுபடி ரத்தம். கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஏன் கொத்தின என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு வைத்தியம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று நோட்டுப் போட்டு எழுதிவந்தவர். 1920-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வுதான் 'கொத்து வரிசை' என்ற கருத்தை உலகுக்குத் தந்தது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றதை. கடைசிக் கோழி எல்லாரிடமும் வாங்கும். வரிசை உறுதியாக இருக்கும் வரை உண்மையில் சண்டை குறைவு. ஒரு முறைப்பு, தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ரத்தம் வரும் அளவுக்குப் போகிறது என்றால் வரிசை குலைந்திருக்கிறது, அல்லது கோழிகளுக்கு ஏதோ குறை இருக்கிறது.

குலைப்பது பெரும்பாலும் வளர்ப்பவர்தான். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை வந்த அன்றே கூட்டில் விடுவார்கள். ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்கள் அரசுத் திட்டங்கள் மூலம் கொல்லைகளுக்கு வருகின்றன. கொடுப்பவர்கள் குஞ்சை எண்ணிக் கொடுக்கிறார்கள். கூட்டின் அளவை யாரும் கேட்பதில்லை. ஆறு நாட்டுக்கோழிக்குப் பின்னிய மூங்கில் கூட்டில் நிறமும் எடையும் வேறான இருபது பறவைகள் இரவெல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. கூட்டத்தில் சண்டைச் சேவல் இனமான அசில் ரத்தம் கலந்த ஒன்றிரண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். சேவல்கள் அதிகமாக இருந்தாலும் வினைதான். கோழி மிதித்துக் குஞ்சு சாகாமல் இருக்கலாம். ஐந்து பெட்டைக்கு மூன்று சேவல் என்று இருந்து அவை மிதித்துக்கொண்டே இருந்தால் பெட்டையின் முதுகில் இறகு நிற்காது. வெறும் தோல் தெரிந்ததும் மற்றவை கொத்த ஆரம்பிக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம்.

இன்னொரு காரணம் வயிறு. இறகு என்பது புரதம். வெறும் மக்காச்சோளமும் அரிசிக் குருணையுமே தின்னும் கோழிக்குப் புரதம் போதாது. அதிலும் கந்தகம் கலந்த மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பக்கத்துக் கோழியின் இறகே தீவனமாகிவிடுகிறது. எள்ளுப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் இதற்கு மலிவான மருந்து. உப்பு அறவே இல்லாத தீவனமும் கொத்தலைத் தூண்டும். அதற்காக ஊறுகாய் மண்டியைக் கொட்டிவிடக் கூடாது. உப்பு மிஞ்சினால் கோழி செத்துப்போகும். பேனும் செள்ளும் அரித்தெடுக்கும் கோழி, தன் இறகைத் தானே கோதிப் பிய்த்துக்கொண்டு ரத்தம் வரவழைக்கும். மீதியை மற்றவை பார்த்துக்கொள்ளும். சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்றை நிழலில் வைத்தால் அவை புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். சாம்பலுக்கு உரிய இடம் அந்தக் குழிதான், புண் அல்ல.

இந்தக் காரணங்களையெல்லாம் சரிசெய்ய முடியாத இடத்தில், அதாவது கூண்டுப் பண்ணையில், வேறு வழியைப் பிடித்தார்கள். நாமக்கல்லிலிருந்து ஹரியானாவின் பர்வாலா வரை வழக்கில் உள்ள வழி அது: குஞ்சு பிறந்த பத்து நாளுக்குள் அலகின் நுனியைச் சூடான தகட்டில் வெட்டிவிடுவது. கொத்தல் குறைகிறது என்பது உண்மை. அலகின் நுனி வெறும் நகம் அல்ல, அதில் நரம்பு ஓடுகிறது, வெட்டினால் வலிக்கும் என்பதும் உண்மை. ஸ்வீடனும் நார்வேயும் ஃபின்லாந்தும் இதைச் செய்யாமலே முட்டை உற்பத்தி செய்கின்றன. இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தந்த 269-ஆவது அறிக்கை முட்டைக் கோழிகளின் இட நெருக்கடியை விரிவாகவே பேசியது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோழிக்கு மூக்குக் கண்ணாடியே மாட்டினார்கள். 1903-இல் டென்னஸி மாநிலத்தவர் ஒருவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு சிவப்புக் கண்ணாடி வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்பது யோசனை.

இதைவிடச் சுவாரசியமான முயற்சி அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மூயர் செய்தது. அதிக முட்டையிடும் கோழியைத் தனியாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்வதுதான் வழக்கம். அப்படிப்பட்ட 'சாம்பியன்' பெரும்பாலும் மற்றவற்றை அடித்து ஒடுக்கிய ரவுடியாகவே இருக்கும். மூயர் கோழியைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தார். மொத்தமாக அதிக முட்டை தந்த கூண்டின் கோழிகளை அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். அலகு வெட்டாத அந்தக் கோழிகளிடையே ஆண்டுச் சாவு இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்தது, நான்காம் தலைமுறையில் 9 சதவீதத்துக்கும் கீழே வந்ததாக 1996-இல் அவர் எழுதினார். கொல்லைப்புறத்தில் இதைச் செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அடைவைக்க முட்டை எடுக்கும்போது ரவுடியின் முட்டையைத் தவிர்த்தால் போதும். ஆனால் அந்த ரவுடிதான் பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும் என்பதால் அதன் முட்டையைத்தான் எல்லாரும் முதலில் அடைக்கு வைக்கிறார்கள்!

ஆறிய கோழியைத் திரும்பச் சேர்க்கும் நாள் வருகிறது. இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தால் கூட்டத்துக்கு அது அந்நியக் கோழி. வரிசையில் அதன் இடம் போய்விட்டது. அதனால்தான் அனுபவஸ்தர்கள், ரத்தக் கசிவு நின்ற மூன்றாம் நான்காம் நாளிலிருந்தே அதைக் கொல்லையில் கம்பி வலைக்குள்ளோ பஞ்சாரத்துக்குள்ளோ வைக்கிறார்கள். மற்றவை சுற்றி மேயும், பார்க்கும், கொத்த முடியாது. வலைக்கு இருபுறமும் பக்கம் பக்கமாகத் தீவனம் வைத்தால் சேர்ந்து தின்னும் பழக்கம் விட்டுப்போகாது. புண் முழுக்க மூடி, சிவப்பு மறைந்து, இறகு ஓரளவு முளைத்த பிறகே வலையை எடுக்க வேண்டும்.

கொத்திய கோழி எது என்று தெரிந்தால் அதைப் பிடித்து ஒரு வாரம் வேறு இடத்தில் அடைப்பது, அடிபட்டதை அடைப்பதைவிடப் பலன் தரும். அது திரும்பி வரும்போது அதுவே புதுக்கோழி; கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொத்தல் ருசி கண்ட ஒன்று எதற்கும் திருந்தாது என்றால், குழம்புக்குப் போக வேண்டியது அடிபட்டதல்ல, இதுதான்.

சேர்க்கும் நேரம் இரவு. எல்லாம் அடைந்து கண் சொருகிய பிறகு மெதுவாக நடுவில் வைத்தால் காலையில் பெரிய ரகளை இருக்காது. தனியாக விடாமல், வலைக்குள் அதோடு சாதுவான இன்னொரு கோழியையும் சில நாள் வைத்திருந்து ஜோடியாக விடுவது இன்னும் நல்லது. விடிந்ததும் தீவனத்தை ஒரே தட்டில் வைக்காமல் மூன்று நான்கு இடத்தில் தூவ வேண்டும். முருங்கைக் கீரைக் கொத்தையோ முட்டைக்கோஸ் தழையையோ எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் எல்லா அலகும் அங்கே போகும். முதல் நாள் காலை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு தட்டு விழத்தான் செய்யும். அதற்கு ஓடிப்போய்ப் பிடிக்கத் தேவையில்லை. துரத்தித் துரத்திக் கொத்தினாலோ, கோழி மறுபடி மூலையில் தலையை நுழைத்தாலோ மட்டும் வலைக்குள் திரும்ப எடுத்து, இன்னும் நான்கு நாள் பொறுக்கலாம்.

வெளிறிக் கிடந்த கொண்டை மெல்லச் சிவக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு இரண்டொரு வாரத்தில் முட்டை வரும். முதல் சில முட்டைகளின் ஓடு மெல்லியதாக இருந்தால், கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் சரியாகிவிடும்.